ஊசிப்பின்னல் லேஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரியில் என் வீட்டுத் திண்ணையில் சனிக்கிழமை மாலைகளில் ஏழெட்டுப் பெண்களுக்கு ஊசிப்பின்னல் சொல்லித் தருகிறேன். கடலூரிலிருந்து பஸ் பிடித்து வருகிறவர்களும் உண்டு. வகுப்பில் கேட்டவை, தொலைபேசியில் கேட்டவை, துணிக்கடையில் என்னை நிறுத்தி வைத்துக் கேட்டவை எல்லாம் இங்கே சேர்ந்திருக்கின்றன. பாதிக்கு மேல் சொற்களைப் பற்றிய கேள்விகள். அதில் எனக்கு மகிழ்ச்சிதான். இந்தக் கைவேலைக்கு நம் ஊரில் கூலி கிடைக்காமல் போனதற்கு, அதற்கென்று ஒரு பெயர் இல்லாமல் போனதும் காரணம் என்று நம்புகிறவள் நான்.

ஊசிப்பின்னல் என்பது எம்பிராய்டரிதானே?

இல்லை. எம்பிராய்டரிக்குத் துணி வேண்டும். துணியின் மேல் பூ விழும். ஊசிப்பின்னலில் துணியே கிடையாது. ஓர் ஊசி, ஒரு நூல், அவ்வளவுதான். தறியும் இல்லை, குரோஷா கொக்கியும் இல்லை. நூல் தன்மேல் தானே தொங்கித் துணியாகிறது.

ஆனால் இது எம்பிராய்டரியின் வயிற்றில் பிறந்தது என்பது உண்மை. இத்தாலியில் லினன் துணியில் இழைகளை உருவியும் வெட்டியும் சதுரச் சதுரமாகத் துளை செய்து, அந்தத் துளைகளுக்குள் ஊசியால் பூ நிரப்பினார்கள். அதற்கு ரெட்டிசெல்லா என்று பெயர், சிறு வலை என்று பொருள். துளை பெரிதாகிக்கொண்டே போனது, துணி குறைந்துகொண்டே வந்தது. 16-ஆம் நூற்றாண்டில் வெனிஸ் பகுதிப் பெண்கள் துணியை முழுவதுமாக விட்டுவிட்டார்கள். அப்படிப் பிறந்ததற்கு அவர்கள் வைத்த பெயர் 'புந்தோ இன் ஆரியா'. காற்றில் இட்ட தையல். எந்த மொழியிலும் ஒரு கைவேலைக்கு இதைவிடச் சரியான பெயரை நான் கேட்டதில்லை.

காற்றில் எப்படித் தைப்பது? நூல் எதன்மேல் நிற்கும்?

தைக்கும்போது தாள்மேல் நிற்கும். முடிந்தபின் எதன்மேலும் நிற்காது.

என் மாணவிகள் முதலில் செய்வது ஒரு வெற்றிலை. நீளம் 3 சென்டிமீட்டர். கெட்டித் தாளில் வெற்றிலையின் கோட்டையும் நடு நரம்பையும் வரைகிறோம். தாளுக்கு அடியில் பழைய வேட்டித் துணியை இரண்டு மடிப்பாக வைத்துச் சுற்றிலும் தைத்துக்கொள்கிறோம். பிறகு கோட்டின்மேல் இரண்டு இழை நூலைப் படியவைத்து, மெல்லிய வேறொரு நூலால் தாளையும் துணியையும் துளைத்து, அங்கங்கே சின்னக் கட்டுப் போடுகிறோம். இந்த இரட்டை இழைக்கு நான் வரம்பு என்று பெயர் வைத்திருக்கிறேன். வயலுக்கு வரம்பு எப்படியோ அப்படி. அது பிசகினால் உள்ளே எது செய்தாலும் நிற்காது.

இனி ஊசி தாளைத் தொடக் கூடாது. வரம்பில் ஒரு வளையம், பக்கத்தில் ஒரு வளையம் என்று முதல் வரிசை தொங்குகிறது. அடுத்த வரிசை முதல் வரிசையின் வளையங்களில் தொங்குகிறது. அதற்கடுத்தது அதில். வெற்றிலை விரியும் இடத்தில் ஒரு வளையத்தைக் கூட்ட வேண்டும். நுனியை நோக்கிக் குறுகும் இடத்தில் ஒன்றை விட வேண்டும். இலை நிரம்பியதும் ஓரம் முழுவதையும் நெருக்கமான தையலால் மூடி மேடாக்குகிறோம்.

கடைசி வேலைக்காகத்தான் எல்லோரும் காத்திருப்பார்கள். அடியில் வைத்த இரண்டு துணிகளையும் மெல்ல விரித்து, நடுவில் பிளேடின் மூலையை நுழைத்தால், கட்டுப்போட்ட நூல்கள் ஒவ்வொன்றாக 'டிக், டிக்' என்று அறும். கடைசிக் கட்டு அறுந்ததும் வெற்றிலை தாளைவிட்டுக் கையோடு வந்துவிடும். கீழே ஒட்டியிருக்கும் நூல் துணுக்குகளைச் சாமணத்தால் எடுக்க வேண்டும். பல வாரம் தாளோடு ஒட்டிக் கிடந்த ஒன்றை முதல்முறை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கும்போது யாரும் பேசுவதில்லை. நானும் பேசச் சொல்வதில்லை.

அந்த வளையத் தையலுக்குத் தமிழில் பெயர் உண்டா?

உண்டு, ஒவ்வொரு தையல்காரர் வாயிலும் இருக்கிறது: காஜா. சட்டைப் பித்தான் துளையைச் சுற்றிப் போடும் தையல். காஜாவில் நூலை ஊசியில் ஒரு சுற்றுச் சுற்றி இழுப்பதால் துளையின் விளிம்பில் முடிச்சு வரிசை உட்காரும். ஊசிப்பின்னலில் அந்தச் சுற்று இல்லை, வளையம் மட்டும்தான். கம்பளி ஓரத்தில் போடும் தையலும் இதே குடும்பம்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு வயதான தையல்காரரிடம் என் வெற்றிலையைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்தார். "இது காஜாதானே அம்மா? துணி எங்கே?" என்று கேட்டார். இந்தக் கலையின் மொத்த விளக்கமும் அந்தக் கேள்வியில் இருக்கிறது. நான் இப்போது வகுப்பை அவருடைய கேள்வியில்தான் தொடங்குகிறேன்.

காஜா என்ற சொல் எங்கிருந்து வந்தது என்றும் கேட்பார்கள். போர்ச்சுகீசியத்தில் 'காசா' என்றால் வீடு. பித்தான் துளைக்கும் அதே பெயர். பித்தானுக்கு அதுதானே வீடு. இந்தியின் 'காஜ்' அதிலிருந்து வந்தது, நம் காஜாவும் அந்த உறவுதான். பித்தானே போர்ச்சுகீசியச் சொல். சாவி, ஜன்னல், அலமாரி எல்லாம் வந்த அதே கப்பல்.

லேஸுக்குச் சரியான தமிழ்ச் சொல் எது? அகராதியில் சரிகை என்று இருக்கிறதே?

சரிகை வேண்டாம். சரிகை என்றால் நம் எல்லோருக்கும் பட்டுச்சேலைக் கரையில் ஓடும் பொன்னிழைதான். ஆங்கிலத்தில் ராணுவ உடுப்பில் தைக்கும் பொன் நாடாவையும் லேஸ் என்பார்கள். அந்த லேஸுக்குச் சரிகை பொருந்தும், நூல் லேஸுக்குப் பொருந்தாது.

லேஸ் என்ற சொல்லின் வேர் லத்தீனில் சுருக்குக் கயிற்றைக் குறிப்பது. ஷூவுக்குக் கட்டும் லேஸில் அந்தப் பழைய பொருள் இன்னும் அப்படியே இருக்கிறது. நம் பாட்டிமார் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையின் கயிறுதான் உண்மையில் முதல் லேஸ். அதனால் லேஸ் என்றே தமிழில் எழுதுவதில் எனக்குத் தடையில்லை. பஸ் போல அதுவும் நம்முடையதாகிவிட்டது.

ஆனால் நம்மிடம் வேறொரு சொல்லும் இருந்தது: ரேந்தை. இலங்கைத் தமிழர்கள் றேந்தை என்று எழுதுவார்கள். 'றேந்தை பிடித்த சட்டை' என்று இயல்பாகச் சொல்வார்கள். போர்ச்சுகீசிய 'ரெந்தா'விலிருந்து வந்தது. சிங்களத்திலும் ரேந்த என்றே சொல்கிறார்கள். தமிழ்நாட்டில் இந்தச் சொல் எப்படி வாயிலிருந்து நழுவியது என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. என் வகுப்பில் பொதுவாக லேஸுக்கு ரேந்தை என்றும், இந்த ஒரு வகைக்கு ஊசிப்பின்னல் என்றும் சொல்கிறேன். வெறும் 'பின்னல்' என்று விட்டுவிடாதீர்கள். நம் ஊரில் பின்னல் என்றால் முதலில் தலைமுடிதான் நினைவுக்கு வரும்.

மற்ற மொழிகளில் எப்படிச் சொல்கிறார்கள்?

இதைக் கேட்டால் நான் நிறுத்தாமல் பேசுவேன். பிரெஞ்சில் 'தாந்தெல்', அதாவது சிறு பற்கள். ஓரம் பல் பல்லாக இருப்பதால். இத்தாலியனில் 'மெர்லெத்தோ'. கோட்டை மதிலின் உச்சியில் மறைந்து நின்று அம்பு எய்ய வரிசையாக எழுப்பிய பல்வரிசை இருக்கிறதே, அதன் பெயரிலிருந்து வந்தது. நம் சங்கப் பாடல்களில் அதற்கு ஞாயில் என்று பெயர். டச்சுக்காரர்கள் 'கந்த்' என்கிறார்கள், ஓரம் என்று பொருள். சேலைக்குக் கரை என்று நாம் சொல்வதும் அதே பார்வைதான். ஜெர்மன் சொல்லுக்கு முனை என்று பொருள். பராகுவே நாட்டில் சக்கரம் சக்கரமாகச் செய்யும் லேஸுக்குக் குவாரனி மொழியில் 'ஞாந்துதி', சிலந்திவலை என்று பெயர். அந்த முதல் ஒலியை எழுத ஐரோப்பியர்கள் எழுத்தின் தலையில் குறி போட வேண்டியிருக்கிறது. நமக்கு ஞகரம் தயாராக இருக்கிறது.

பல், மதில், கரை, முனை, வலை. ஒவ்வொரு ஊரும் தன் கண்ணில் முதலில் பட்டதைப் பெயராக்கியிருக்கிறது. நமக்கும் அந்த உரிமை உண்டு.

நீங்கள் வகுப்பில் சொல்லும் கண், அரும்பு, பாலம் எல்லாம் நீங்களே உண்டாக்கிய சொற்களா?

சிலவற்றை நான் வைத்தேன், சிலவற்றைக் கேட்டு எடுத்துக்கொண்டேன். 'கண்' கடற்கரையில் கிடைத்தது. கடலூர் தேவனாம்பட்டினத்தில் வலையைப் பரப்பி உட்கார்ந்து கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்த ஒரு மீனவரைப் பார்த்தேன். காலின் பெருவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்திருந்தார். கையில் நூல் சுற்றிய தட்டை ஊசி. இரண்டு விரல்களை ஒரு துளைக்குள் விட்டு அளந்துகொண்டே முடிச்சுப் போட்டார். "கண் ஒன்றுபோல இருக்க வேண்டும். கண் சின்னதானால் குஞ்சு மாட்டும், பெரிதானால் எதுவும் மாட்டாது" என்றார். நான் மூன்று ஆண்டுகளாக 'துளை அளவு சீராக இருக்கட்டும்' என்று சொல்லிப் புரியவைக்க முடியாததை, அடுத்த சனிக்கிழமை 'கண் ஒன்றுபோல' என்றதும் எல்லோரும் புரிந்துகொண்டார்கள்.

ஒரு வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். மீன்வலையின் கண் முடிச்சால் நிற்கிறது. என் வகுப்பில் செய்யும் ஐரோப்பிய வகையில் முடிச்சில்லை, வளையம்தான். ஆனால் துருக்கியில் தலைத்துணி ஓரத்தில் ஊசியால் செய்யும் 'ஓயா'வும், ஆர்மீனிய ஊசிப்பின்னலும் முடிச்சால் ஆனவை. வலைக்கு நெருங்கிய உறவு அவைதான்.

பாலம் என்பது இரண்டு இதழ்களுக்கு நடுவில் இழுத்துக் கட்டும் நூல் கம்பி. அரும்பு, அந்தப் பாலத்தின் மேல் நிறுத்தும் குட்டி வளையம், பிரெஞ்சில் பிகோ. முல்லை கட்டுகிற ஒரு பெண்தான் அதைப் பார்த்து அரும்பு என்றாள். அதைவிட நல்ல பெயர் எனக்குத் தோன்றவில்லை, அப்படியே வைத்துக்கொண்டோம்.

புதுச்சேரியில் குளூனி மடம் இருக்கிறதே, 'குளூனி லேஸ்' அங்கேதான் பிறந்ததா?

இல்லை, ஆனால் குழப்பம் நியாயமானது. பிரான்ஸின் பர்கண்டிப் பகுதியில் குளூனி என்ற ஊர் இருக்கிறது. பழைய பெரிய மடாலயம் இருந்த ஊர். அன்னை ஆன் மரி ஜவுஹே நிறுவிய புனித சூசையப்பர் கன்னியர் சபை அந்த ஊரில் வேரூன்றியதால் குளூனி என்ற பெயரைப் பெற்றது. அந்தச் சபையின் சகோதரிகள் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் புதுச்சேரிக்கு வந்தார்கள். ரோமன் ரோலந்து வீதியில் அவர்கள் நடத்தும் தையற்கூடம் வெள்ளைத் துணி எம்பிராய்டரிக்குப் பெயர்பெற்றது.

குளூனி லேஸ் வேறு வழியாக வந்த பெயர். குளூனி மடாதிபதிகளுக்குப் பாரிஸில் இருந்த மாளிகை பிற்காலத்தில் அருங்காட்சியகமானது. அங்கே இருந்த பழைய லேஸ்களைப் பார்த்து 19-ஆம் நூற்றாண்டில் செய்யத் தொடங்கிய வகைக்கு அந்த அருங்காட்சியகத்தின் பெயர் ஒட்டிக்கொண்டது. அது ஊசிப்பின்னலும் அல்ல. பாபின் என்னும் நூற்கதிர்களைத் திண்டின்மேல் குறுக்கும் நெடுக்கும் மாற்றிப் பின்னுவது. ஊர் ஒன்று, பெயர் இரண்டு, வேலை வேறு.

நாகர்கோவில் லேஸ்?

அதுவும் திண்டு லேஸ்தான். லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் 1820-களில் நாகர்கோவிலில் பெண்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்தார். அவருடைய மகள் எலைசா, திருநெல்வேலிச் சீமையில் இடையன்குடியில் அதைத் தொடர்ந்தார். எலைசாவின் கணவர்தான் திராவிட மொழிகளை ஒப்பிட்டு ஆராய்ந்த கால்டுவெல். வீட்டில் ஒருவர் சொற்களைப் பிரித்துப் பார்க்க, இன்னொருவர் நூல்களைச் சேர்த்துப் பின்னியிருக்கிறார்.

கடையில் கைவேலையா இயந்திர வேலையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடி போதும். ஊசிப்பின்னலில் வளையத்துக்குள் வளையம் தொங்குவது தெளிவாகத் தெரியும். ஒரே நூல் போய்க்கொண்டே இருக்கும். திண்டு லேஸில் நூல்கள் பாய் முடைந்ததுபோல மேலும் கீழும் கடக்கும். குரோஷாவில் சங்கிலி தெரியும்.

'கெமிக்கல் லேஸ்' அல்லது 'ஜிபிஓ லேஸ்' என்று கடையில் மீட்டர் கணக்கில் கிடைப்பது இயந்திர எம்பிராய்டரி. பிரெஞ்சில் இந்தத் தோற்றமுள்ள லேஸுக்குக் கிப்யூர் என்று பெயர். ஜிபிஓ, கிப்யூர் என்று இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், ஒன்று மற்றதன் திரிபு என்று தெரியும். கரையக்கூடிய ஒரு துணியின்மேல் இயந்திரம் அடர்த்தியாகத் தைத்த பிறகு, அடித்துணியைக் கரைத்துவிடுகிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் வெனிஸ் ஊசிப்பின்னல் போலவே இருக்கும். கண்ணாடி வைத்துப் பார்த்தால் வளையம் இருக்காது. நூல் ஒன்றன்மேல் ஒன்று முன்னும் பின்னும் ஓடிப் பஞ்சு பஞ்சாகத் தெரியும். அதை வாங்குவது தவறில்லை. ரவிக்கைக்கு அழகாகத்தான் இருக்கிறது. அதைக் கைவேலை என்று விற்பதுதான் தவறு.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கடைக்கு ஆறு மேசைத் துண்டுகளுக்கு மூலை லேஸ் செய்து கொடுத்தேன். ஐந்து மாத வேலை. அடுத்த வாரம் போனபோது, அவை இயந்திர லேஸ் துண்டுகளோடு ஒரே அடுக்கில், 'ஃபேன்சி லேஸ்' என்ற ஒரே சீட்டின் கீழ், ஒரே விலையில் இருந்தன. கடைக்காரர் ஏமாற்றவில்லை. அவரிடம் இரண்டுக்கும் வேறு வேறு சொல் இல்லை, அவ்வளவுதான். அன்றிலிருந்து நான் கொடுக்கும் ஒவ்வொரு துண்டிலும் 'ஊசிப்பின்னல், கைவேலை' என்று எழுதிய சீட்டை நானே கட்டித்தான் அனுப்புகிறேன்.

ஒரு சின்னப் பூவுக்கு இவ்வளவு விலையா?

பிரான்ஸில் அலன்சோன் என்ற ஊரின் ஊசிப்பின்னலை 2010-இல் யுனெஸ்கோ மனிதகுலப் பண்பாட்டு மரபாகப் பட்டியலிட்டது. அங்கே ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 7 மணி நேரம் ஆகிறது. முழுத்தேர்ச்சி பெற 7 முதல் 10 ஆண்டுகள். ஒரு தபால்தலை அளவுக்கு எத்தனை நாள் கூலி என்று நீங்களே கணக்குப் போடுங்கள். என் வகுப்பு நூல் அதைவிடத் தடிமன், வேலையும் வேகம். ஆனாலும் அந்த 3 சென்டிமீட்டர் வெற்றிலை பழகிய கைக்கே நான்கு மாலைகளை எடுத்துக்கொள்ளும்.

பெயருக்கும் காசுக்கும் உள்ள உறவு அரசர்களுக்கே தெரிந்திருந்தது. 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பிரபுக்கள் வெனிஸ் லேஸுக்குப் பணத்தைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். பதினான்காம் லூயியின் அமைச்சர் கோல்பேர் 1665-இல் அரசு ஆதரவோடு பிரான்ஸிலேயே லேஸ் கூடங்களைத் தொடங்கினார். வெனிஸிலிருந்து கைகாரிகளை வரவழைத்தார். கூடவே, இனி இதற்குப் பிரான்ஸ் தையல் என்று பெயர் என்றும் ஆணை வந்தது. அலன்சோன் பெண்கள் தங்களுக்குள் அதை 'வெலான்' என்றே சொன்னார்கள். தோல்தாள் என்று பொருள். மடியில் வைத்து வேலை செய்த பொருளின் பெயர்.

கற்றுக்கொள்ள என்ன வேண்டும்?

40-ஆம் எண் குரோஷா நூல், கூரான ஊசி ஒன்று, மொட்டை ஊசி ஒன்று, கெட்டித் தாள், பழைய வேட்டி. நூலில் எண் கூடினால் மெலிவு கூடும். 80, 100 எல்லாம் பிறகு. வளையம் போடும்போது ஊசியின் காதுப் பக்கத்தை முன்னால் விட்டால் நூல் பிளக்காது. கடற்கரை ஊரில் ஊசி சீக்கிரம் துருப் பிடிக்கும், கையும் வியர்க்கும். ஒவ்வொரு முறையும் கை கழுவித் துடைத்துவிட்டு உட்காருங்கள். வெள்ளை நூலுக்கு நீலத் தாள் வைத்தால் கண் சோர்வதில்லை.

வயது தடையா?

என் மாணவிகளில் மூத்தவருக்கு 71. நல்ல வெளிச்சம் இருந்தால் போதும்.

துவைப்பது, வைத்துக்கொள்வது?

வெதுவெதுப்பான தண்ணீர், மென்மையான சோப்பு. பிழியக் கூடாது. துண்டில் பரப்பி, அரும்புகளை ஊசியால் இழுத்துக் குத்தி நிழலில் காயவையுங்கள். இஸ்திரி போட வேண்டுமென்றால் தடித்த துண்டின்மேல் குப்புறப் போட்டுப் பின்பக்கம் தேயுங்கள். கஞ்சி போட்டு அலமாரியில் வைக்காதீர்கள், மழைக்காலத்தில் பூச்சி அதற்காகவே வரும். பிளாஸ்டிக் பையும் வேண்டாம். பழைய மல்துணியில் மடிக்காமல் சுருட்டி, அதே தட்டில் தள்ளி ஒரு துண்டு வசம்பு வைத்தால் போதும்.

பாட்டியின் மேசை விரிப்பில் லேஸ் கிழிந்திருக்கிறது. சரிசெய்ய முடியுமா?

பெரும்பாலும் முடியும். முதலில் கத்தரிக்கோலைத் தள்ளி வையுங்கள். தொங்கும் நூலை வெட்டிவிட்டால் எந்த வளையம் எதில் தொங்கியது என்ற தடயம் போய்விடும். விரிப்பை நீலத் தாளின்மேல் பரப்பி, கிழியாத பக்கத்தில் அதே பூ இருந்தால் அதை வரைந்துகொள்ளுங்கள். வரம்பு இழை அறுந்திருக்கிறதா, உள்ளே நிரப்பியது மட்டும் அறுந்திருக்கிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். நிரப்பியது மட்டும் என்றால் ஒரு மாலை வேலை. வரம்பு போயிருந்தால், புதிய இரட்டை இழையைக் கிழிசலுக்கு இரு பக்கமும் ஒரு சென்டிமீட்டர் உள்ளே தள்ளித் தொடங்கி, தாளோடு கட்டுப்போட்டுப் புதிதாக எழுப்ப வேண்டும். புதிய நூல் பளிச்சென்று வெள்ளையாகத் தெரிந்தால், மிக இளகிய தேநீரில் நனைத்துக் காயவைத்துப் பழைய நிறத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். விரிப்பை அல்ல, நூலை மட்டும்.

தனியாகச் செய்யத் தயக்கமாக இருந்தால் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு எடுத்துக்கொண்டு வாருங்கள். அறுந்து விழுந்த துணுக்குகளையும் ஒரு தாளில் மடித்துக் கொண்டுவாருங்கள்.